ஆறு மாதம் அல்ல, நான்கு மாதம்: ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றத்துக்குப் போகுமுன்

கேள்வி: சுவிஸில் என் தம்பியின் புகலிடக் கோரிக்கையை சென்ட் காலனில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. தீர்ப்பு கையில் கிடைத்து ஏழு வாரமாகிறது. ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போக ஆறு மாதம் இருக்கிறது, அவசரமில்லை என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரியா? அங்கே வழக்குப் போட்டால் நாடு கடத்துவது நின்றுவிடுமா?

பதில்: அவர் சொல்வது பழைய கணக்கு. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 15ஆவது நெறிமுறை (உடன்படிக்கையைத் திருத்தும் ஒப்பந்தம்) வந்த பிறகு, 2022 பெப்ரவரி 1 முதல் காலக்கெடு நான்கு மாதம்தான். புகலிட வழக்குகளில் சென்ட் காலன் தீர்ப்புதான் சுவிஸில் கடைசி. அது கிடைத்த மறுநாளிலிருந்தே நாள் ஓடத் தொடங்கிவிட்டது. உங்களிடம் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய பத்து வாரம்.

கடைசி நாள் ஞாயிறாக இருந்தாலும் கெடு அன்றோடு முடிந்துவிடும், திங்கட்கிழமை வரை நீளாது. விண்ணப்பத்தை நீதிமன்றத்தின் சொந்தப் படிவத்தில்தான் எழுத வேண்டும். மேலதிக விளக்கம் இருபது பக்கத்துக்குள் அடங்க வேண்டும், கையெழுத்திட்ட மூலப் படிவம் தபாலில் போக வேண்டும். தபால் முத்திரைத் தேதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், ஒரு தீர்ப்பின் பிரதி விடுபட்டாலும் படிவத்தை ஏற்காமல் விடலாம், அதற்குள் கெடு முடிந்திருக்கும். அதனால் கடைசி வாரம் வரை வைத்திருக்க வேண்டாம். கட்டணம் இல்லை. ஆரம்பத்தில் சட்டத்தரணியும் கட்டாயமில்லை. ஜெர்மன் மொழியிலும் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. ஆவணங்களின் பிரதிகளை மட்டும் அனுப்புங்கள், அனுப்பியது திரும்பி வராது.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். வழக்குப் போட்டதாலேயே நாடு கடத்தல் நிற்காது. அதற்கு நீதிமன்ற விதிகளில் 39ஆவது விதியின் கீழ் இடைக்கால நடவடிக்கை, அதாவது நாடு கடத்தலைத் தற்காலிகமாக நிறுத்தும் உத்தரவு, வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆபத்து உடனடியானது, பின்னர் ஈடு செய்ய முடியாதது என்று காட்ட வேண்டும். 2024 மார்ச்சில் திருத்திய விதி இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இந்தக் கோரிக்கையை மின்னஞ்சலில் ஏற்க மாட்டார்கள். தம்பியை வெளியேறச் சொல்லித் தேதி குறித்த கடிதம் வந்துவிட்டதா? வந்திருந்தால் பத்து வாரக் கணக்கை மறந்துவிட்டு இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

அப்புறம், ஸ்ட்ராஸ்பேர்க் இன்னொரு மேல்முறையீட்டு மன்றம் அல்ல. அது புகலிடம் கொடுப்பதில்லை. திருப்பி அனுப்பினால் சித்திரவதைக்கோ மனிதத்தன்மையற்ற நடத்தைக்கோ ஆளாகும் உண்மையான ஆபத்து உண்டா, அதாவது உடன்படிக்கையின் 3ஆவது பிரிவு மீறப்படுமா என்றுதான் பார்க்கும். சுவிஸ் அதிகாரிகள் அந்த ஆபத்தை ஒழுங்காக ஆராய்ந்தார்களா என்பதையும் பார்க்கும். வரும் விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே தள்ளுபடியாகின்றன, அதற்கு மேல்முறையீடு கிடையாது. வீணான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் நம் இலங்கைத் தமிழர் வழக்குகள் அங்கே வென்றும் இருக்கின்றன. 2008இல் பிரிட்டனுக்கு எதிரான ஒரு வழக்கில், தமிழர் என்பது மட்டும் போதாது, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். உடலில் உள்ள தழும்பு, முன்பு கைதான பதிவு, விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு இருந்த உறவினர், களவாக நாட்டைவிட்டு வந்தது எல்லாவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று சொல்லி, அந்த மனுதாரரை அனுப்பக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2013இல் பிரான்ஸ் வழக்கில் விஷயத்தைத் திருப்பியது ஒரு மருத்துவச் சான்றிதழ். மனுதாரர் உடலில் இருந்த தீக்காயங்களை மருத்துவர் பதிவு செய்திருந்தார். அவை எப்படி வந்தன என்ற சந்தேகத்தை அதிகாரிகள் தீர்க்கவில்லை என்பதே அவர் வென்றதற்குக் காரணம்.

உங்களுக்கு மிக நெருங்கியது 2017 ஜனவரித் தீர்ப்பு. 2013இல் சுவிஸ் ஒரு தமிழரைக் குடும்பத்தோடு திருப்பி அனுப்பியது. கொழும்பு விமான நிலையத்திலேயே விசாரித்தார்கள், பிறகு அடைத்து வைத்தார்கள், சித்திரவதையும் நடந்தது. தவறு நடந்ததைச் சுவிஸ் அரசே ஏற்றுக்கொண்டது, 3ஆவது பிரிவு மீறப்பட்டதாக நீதிமன்றமும் சொன்னது. அந்த மனிதர் பட்ட பாட்டை எந்தத் தீர்ப்பும் இல்லாமல் ஆக்காது. ஆனாலும் சுவிஸுக்கு எதிராக வாதாடும்போது எடுத்துக்காட்ட இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

2025 மே மாதம் டென்மார்க், இத்தாலி உட்பட ஒன்பது நாடுகள் சேர்ந்து, குடியேற்ற வழக்குகளில் நீதிமன்றம் எல்லை மீறுகிறது என்று பகிரங்கக் கடிதம் எழுதின. அதைக் கேட்டுப் பயந்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒரு கடிதத்தால் உடன்படிக்கை மாறிவிடாது, 3ஆவது பிரிவுக்கு விதிவிலக்கும் கிடையாது.

தம்பி உடலில் தழும்போ மனத்தில் பாதிப்போ இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போய் எழுத்தில் வாங்குங்கள். புதிய சான்று என்றால் முதலில் சுவிஸிலேயே மறுபரிசீலனை கேட்கச் சொல்வார்கள். கேளுங்கள். ஆனால் பொதுவாக அதனால் நான்கு மாதக் கெடு நீளாது. ஜெனீவாவில் உள்ள ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழுவுக்கும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: அங்கே கொடுத்த அதே முறைப்பாட்டை ஸ்ட்ராஸ்பேர்க் எடுக்காது. எது தம்பிக்குப் பொருந்தும் என்பதைக் கோப்பு முழுவதையும் படித்த சட்டத்தரணிதான் சொல்ல முடியும்.