ராத்திரி படகில் யார் விழித்திருப்பார்கள்?

மாலத்தீவில் ஏழு நாள் படகிலேயே தங்கி ஸ்கூபா டைவ் அடிக்கப் போகிறோம். இரண்டு படகுகள், ஒரே விலை. கூட்டமில்லாதது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஆம்பூர் வாசகர்

போட்டோவில் தெரியாது. மொத்தம் எத்தனை பேர், ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு கைடுக்கு நாலு பேர் என்றால் நிம்மதி. டைவுக்குத் தனித் தோணி உண்டா என்றும் கேளுங்கள் (அங்கேயும் தோணி என்றுதான் பேர்). சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸர் அதில் இருந்தால் உங்கள் தூக்கம் கெடாது. 'பெரிய படகு, நல்ல வசதி' என்று நம்பி நான் ஒருமுறை இருபது பேரோடு போனேன். திருக்கை வந்ததாம். எனக்குத் தெரிந்தது மற்றவர்கள் விட்ட குமிழி மட்டும்.

கோர்ஸ் முடித்து நாலே டைவ். 40 சதவீதத் தள்ளுபடியில் ஒரு படகு, 30 மீட்டர் ஆழம் வரை கூட்டிப்போகிறார்கள். போகலாமா?
– குடியாத்தம்

கூடாது. ஆரம்பக் கோர்ஸ் சர்டிபிகேட் 18 மீட்டருக்குத்தான். தள்ளுபடி ஆழத்துக்குக் கிடையாது.

கீழ்த்தளக் கேபின் 15,000 ரூபாய் குறைவு. எடுக்கலாமா?
– ராணிப்பேட்டை

எடுக்கலாம், ஆனால் முதலில் இதைப் படியுங்கள். 2019 செப்டம்பர் 2, விடியற்காலை. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே நின்ற கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். வெளியேற இரண்டு வழி இருந்தும், இரண்டும் மேலே ஒரே அறையில் போய்த் திறந்தன. எரிந்ததே அந்த அறைதான். ராத்திரிக் காவலுக்கு ஆள் போடவில்லை. கேப்டனுக்குச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

பஃபேயில் எத்தனை ஐட்டம் என்று கேட்கிற நாம் இதைக் கேட்பதில்லை. ஆம்னி பஸ்ஸில் எமர்ஜென்சி கதவை மறைத்து மூட்டை ஏற்றினாலும் பேசாமல் உட்கார்ந்து வருகிற ஆட்கள்தானே! ராத்திரி யார் விழித்திருப்பார், கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுவீர்கள், இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கும் என்று கேளுங்கள். ஏறிய அன்றே அந்த வழியாக நீங்களே வெளியே வந்து பாருங்கள். என் படகில் அதன் மூடிமேல் ஒரு வெங்காயச் சாக்கு இருந்தது.

கடைசி நாள் காலையில் டைவ், மதியம் சென்னை ஃப்ளைட். ஏஜென்ட் போட்ட பிளான், சரிதானே?
– வாலாஜா

பல நாள் டைவ் அடித்தபின் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக்கூடாது. கோர்ஸில் இதைச் சொன்ன அன்று எங்கே போயிருந்தீர்கள்? ஏஜென்ட்டையும் மாற்றுங்கள்.

12 பேர் படகு என்று 1,10,000 ரூபாய் வாங்கினார்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது 24 பேர் படகுக்கு மாற்றிவிட்டு, பணம் திரும்ப வராது என்கிறார்கள். விசாரிக்காதது என் தப்பா?
– சத்துவாச்சாரி

இல்லைம்மா, உங்கள் தப்பே இல்லை. நீங்கள் போகாமல் விட்டிருந்தால் 'பணம் திரும்ப வராது' என்ற நிபந்தனையை அவர்கள் காட்டலாம். சொன்ன படகைத் தராதது அவர்கள். அது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மசியாவிட்டால், ஏஜென்ட் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. '12 பேர்' என்று வந்த வாட்ஸ்அப்பை இன்றைக்கே பிரின்ட் எடுத்துவிடுங்கள். நோட்டீஸ் போனதும் பாதிப் பணம் தருகிறோம் என்று போன் வரலாம். முழுசாகக் கேளுங்கள்.