வடிகால் தோண்டத்தானா மலைக்கு வந்தேன்?

கேள்வி: எனக்கு வயது 20. கல்லூரி விடுமுறையில் மலைப்பாதைகளைப் பராமரிக்கும் குழுவில் சீசன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. புதுப் பாதை போடுவோம், மரப்பாலம் கட்டுவோம் என்று ஆசையோடு வந்தேன். ஆனால் வடிகாலில் அடைத்த மண்ணை அள்ளுவதும் பாதையோர மண்ணை வெட்டி எறிவதும்தான் தினசரி வேலை. செய்ததையே குழுத் தலைவர் திரும்பச் செய்யச் சொல்கிறார். கையெல்லாம் கொப்புளம். கூட இருப்பவர்கள் அசராமல் வேலை செய்கிறார்கள். விட்டுவிட்டு வந்துவிடலாமா?

பதில்: ஒரு நல்ல மழையைப் பார்க்காமல் வராதீர்கள், தம்பி.

மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். ஆட்கள் நடந்து நடந்து பாதையின் நடுப்பகுதி அமுங்கும், வெளி விளிம்பில் மண் வரப்பு மாதிரி எழும்பும். அப்புறம் மேலிருந்து இறங்கும் மழைநீர் குறுக்கே கடந்து சரிவில் போக வழியில்லாமல் பாதையோடேயே ஓடும். ஓட ஓட வேகம் பிடித்து மண்ணை அரிக்கும். வேரும் கல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். அதில் நடக்கப் பயந்து ஆட்கள் ஓரத்துச் செடிகளை மிதித்து இன்னொரு தடம் போடுவார்கள். நீங்கள் வெட்டி எறிகிற ஓர மண் அந்த வரப்புதான்.

திரும்பச் செய்யச் சொல்வதற்கும் காரணம் இருக்கும். பாதை வெளிப்பக்கமாகச் சுமார் 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும் என்பார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர்தான். புதிதாக வந்தவர் கண்ணுக்கு அது சமதளமாகவே தெரியும். வடிகாலிலும் அப்படித்தான்: வாய் குறுகி, திருப்பம் வெடுக்கென்று இருந்தால் தண்ணீர் அங்கே வேகம் குறைந்து வண்டலை இறக்கிவிடும், சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் விளக்காமல் ‘திரும்பச் செய்’ என்று மட்டும் சொன்னால் தப்பு தலைவர் மேலும்தான். ‘இதில் தண்ணீர் எங்கே தேங்கும், காட்டுங்கள்’ என்று கேளுங்கள். இடி மின்னல் இல்லாத மழையில் அவரோடு போய், நீங்கள் தோண்டிய வடிகாலில் தண்ணீர் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். அதையும் பார்த்துவிட்டு அலுப்பாகவே இருந்தால், சரி, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த அசராத ஆட்களின் கையைக் கவனியுங்கள். ஓங்கும்போது ஒரு கை கருவியின் தலைப்பக்கம் இருக்கும். இறக்கும்போது அது பிடியோடு வழுக்கிக் கீழே வரும். பாதி வேலையைக் கருவியின் எடையே செய்துவிடுகிறது. புதியவர்கள் பிடியை நெரித்துப் பிடிப்பார்கள், அதில்தான் கொப்புளம். தோல் சூடாவது தெரிந்ததுமே டேப் ஒட்டிவிடுங்கள், கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டிப் பெரிய பயன் இல்லை. (ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி உள்ள புலாஸ்கி உங்களிடம் இருக்குமே? 1910-ல் அமெரிக்கக் காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்ப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வன அதிகாரி எட் புலாஸ்கியின் பெயர்தான் அது.)

தசை வலி ஓய்வெடுத்தால் அடங்கும். மணிக்கட்டில் சுரீரென்ற வலியோ, ராத்திரியில் விரல் மரத்துப்போவதோ வேறு. அன்றே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் வேலையை நிறுத்த விடவில்லை, அல்லது கருவி ஓங்குபவர்களுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளிகூட இல்லாமல் நெருக்கி நிறுத்துகிறார்கள் என்றால் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். பையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.