பாட்டு யாருக்குச் சொந்தம்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தைக்கு மூட்டை இறக்கப் போகிறவன், இரவில் பக்கத்து வீட்டு விசைத்தறி நின்ற பிறகு, போர்வைக்குள் புகுந்துகொண்டு கைப்பேசியில் ராப் பாடிப் பதிவு செய்கிறான். ஒரு பாடல் நன்றாகப் பரவியது. இப்போது ஓர் இசை நிறுவனம் பத்துப் பாடல்களுக்கு 50,000 ரூபாய் தருவதாகவும், பாடல்கள் நிரந்தரமாக அவர்களுக்கே சொந்தம் என்றும் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. வீட்டில் வட்டிக்கடன் இருக்கிறது. கையெழுத்துப் போடச் சொல்லலாமா? நிறுவனம் இல்லாமல் தனியாக நின்று ஜெயித்தவர்கள் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: அந்த 'நிரந்தரமாக' என்ற சொல் இருக்கும்வரை போடச் சொல்லாதீர்கள். வட்டிக்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு இந்தப் பதில் கசக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு பாடலில் இரண்டு சொத்துகள் அடங்கியிருக்கின்றன. வரிகளும் மெட்டும் ஒன்று. அவற்றைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. போர்வைக்குள் இருந்து பதிந்ததானாலும், தன் சொந்த முயற்சியில் தானே பதிந்தவர் என்பதால் இரண்டுமே இன்று உங்கள் தம்பியின் கையில் இருக்கின்றன.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிகளை எழுதியபோதே உரிமை பிறந்துவிடுகிறது; எங்கும் பதிவு செய்தாக வேண்டிய கட்டாயமில்லை. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது அவருடைய வாரிசுகளுக்கு நிற்கும். உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த நிறுவனம் மெனக்கெட்டு 'நிரந்தரமாக' என்று எழுதியிருப்பது ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். 2012இல் வந்த திருத்தத்தின்படி, பாடலை எழுதியவர் தமக்குரிய ராயல்டிப் பங்கை (பாடல் பயன்படும்போதெல்லாம் வரும் தொகையில் அவருடைய பங்கை) நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்டாலும் அது செல்லாது. ஆனால் ஒலிப்பதிவின் உரிமைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதை விற்றால் விற்றதுதான்.

தனியாக நின்று ஜெயித்தவர்கள் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் கிரென்ஷா பகுதியில் வறுமைக்கும் தெருக்கும்பல்களுக்கும் நடுவே வளர்ந்த ராப் பாடகர் நிப்ஸி ஹஸல், காரின் பின்பெட்டியில் குறுந்தகடுகளை வைத்து விற்றுத் தொடங்கியவர். பெரிய நிறுவனம் ஒன்றோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து 2010இல் வெளியே வந்தார். 2013இல் ஒரு தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே விட்டுவிட்டு, அதன் 1,000 குறுந்தகடுகளுக்கு மட்டும் ஒன்று 100 டாலர் என்று விலை வைத்தார். பாட்டு சும்மா கிடைக்கும்போது இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கேட்டிருப்போம். ஒரே நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. 2018இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் 31 அன்று, 33ஆம் வயதில், தம் சொந்தக் கடை வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

சிகாகோவைச் சேர்ந்த சான்ஸ் த ராப்பர் எந்த நிறுவனத்திலும் சேராமல், இணையத்தில் மட்டுமே வெளியிட்ட தொகுப்புக்காக 2017இல் கிராமி விருது பெற்றார். அந்தத் தொகுப்பை முதலில் தன் தளத்தில் மட்டும் ஒலிக்கச் செய்ய ஆப்பிள் நிறுவனம் அவருக்கு 5,00,000 டாலர் கொடுத்தது. எவ்வளவு காலத்துக்கு? இரண்டே வாரத்துக்கு. ஆகவே நிறுவனத்தோடு பேசுவதில் குற்றமில்லை; விற்காமல், குறிப்பிட்ட சில பாடல்களைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்கு விடுவது போலக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு, ஏற்கெனவே முடித்த இரண்டு மூன்று பாடல்களுக்கு மட்டும் என்று திருத்திக் கேட்கச் சொல்லுங்கள். மதுரை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணமின்றிச் சட்ட ஆலோசனை கிடைக்கும். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு நீங்களே உடன் போய் வாருங்கள்.

இன்னொன்றையும் தம்பியிடம் கேளுங்கள்: அவர் பாடும் பீட் (பாட்டுக்குப் பின்னணியாக ஓடும் தாள இசை) யாருடையது? இணையத்தில் 'இலவசம்' என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பணம் ஈட்டாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். பாட்டு பரவி வருமானம் வரத் தொடங்கியதும் பீட்டுக்கு உரியவர் வந்து நிற்பார். பறையோ உடுக்கையோ அடிக்கத் தெரிந்த நண்பர் இருந்தால் அவரைக் கொண்டே புதிதாக அமைத்துக்கொண்டு, அவருடைய பங்கையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ராப் நியூயார்க்கில் பிறந்த சரக்கு. மதுரைப் பிள்ளைகள் இதில் காலத்தை வீணாக்கலாமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமங்கலம்.

பதில்: ஐயா, 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தையே, ராப்பையும் உள்ளடக்கிய ஹிப்ஹாப் கலையின் பிறப்பாகக் கொண்டாடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மூச்சு விடாமல் சந்தத்தில் சொற்களை அடுக்குவது நமக்குப் புதிதா? திருப்பரங்குன்றத்தில் நின்று அருணகிரிநாதரின் திருப்புகழை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்; நாக்கு எப்படிச் சுழல வேண்டியிருக்கிறது என்பது தெரியும். மலேசியாவின் யோகி பி, கோவையின் ஹிப்ஹாப் தமிழா ஆதி, அரக்கோணத்து அறிவு ஆகியோர் இதைத் தமிழாகவே ஆக்கிக் காட்டிவிட்டார்கள். எதுகையும் மோனையும் சொல்லித் தர உங்களைப் போன்ற ஓர் ஆசிரியர் கிடைத்தால் செல்லூர்ப் பையன் இன்னும் நன்றாக எழுதுவார்.

கேள்வி: தனியாகப் பாட்டு வெளியிட்டால் எவ்வளவு கிடைக்கும்? வேலையை விட்டுவிடலாமா?
– இளைஞர், மேலூர்.

பதில்: விட வேண்டாம். யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு பெற, நீளமான காணொலிகள் போடுபவருக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் தேவை. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் ஓராண்டில் 1,000 முறையாவது ஒலித்தால்தான் அதற்குக் கணக்கே தொடங்கும். தொடக்கத்தில் கையில் காசு தருவது கோயில் திருவிழா மேடையும் கல்லூரி விழாவும்தான். பாடலைப் பதிவேற்றும்போது எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை விடுபடாமல் நிரப்புங்கள். பாடல் எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969 முதல் இயங்கிவரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். உங்கள் வரிகள் எங்கோ ஒரு வானொலியில் ஒலித்தால், அதற்குரிய தொகை அந்தப் பெயரைத் தேடித்தான் வரும்.