ஒரே ஓவியத்தில் மூன்று பருவங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் உள்ள இயற்கை ஓவியத்தில், இலையின்றிப் பூத்திருக்கும் புரச மரமும், அதில் தேன் குடிக்கும் ஊதாத் தேன்சிட்டு இணையும், மரத்தடி வேலியில் செங்காந்தள் கொடியும், பின்னால் விளைந்த கேழ்வரகுக் கொல்லையோரம் ஒரு யானையும் இருக்கின்றன. புகைப்படம் போலவே தோன்றும் இதில் பொருள் காண என்ன இருக்கிறது?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: காந்தளுக்கும் யானைக்கும் குறியீட்டுப் பொருள் தேடுவதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இவையெல்லாம் எந்த மாதத்தில் சேர்ந்திருக்க முடியும் என்று முதலில் கேளுங்கள். புரசு மாசி, பங்குனியில் இலையுதிர்த்துப் பூப்பது. ஆண் சிட்டின் உடல் முழுவதும் கருநீலமாக மின்னினால் அதுவும் அந்தப் பருவத்துக்குப் பொருந்தும்; இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் அந்த நிறம் மறைந்து, மார்பின் நடுவில் ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். காந்தளோ மழைக்காலத்துப் பூ. பங்குனி வெயிலில் அதன் கிழங்கு மட்டுமே மண்ணுக்குள் கிடக்கும். மழைக்குப் பின் அறுவடைக் காலத்தில், கேழ்வரகு முற்றும்போது பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் வருவது உங்கள் ஊரார் நன்கறிந்ததே. ஆகவே, நீங்கள் பார்ப்பது ஒரு நாளின் காட்சி அன்று.

இது ஓவியரின் அறியாமையா என்பதைக் காந்தள் கொடியே சொல்லிவிடும். பச்சையாக விரியும் இதழ் மஞ்சளாகிப் பின்னர் சிவப்பது அதன் இயல்பு. ஒரே கொடியில் இந்நிலைகள் யாவும் வரையப்பட்டிருந்தால், அவர் செடியருகே பொறுமையாக இருந்து பார்த்தவர் என்று கொள்ளலாம். அத்தகையவர் பருவங்களைத் தெரிந்தேதான் சேர்த்திருப்பார். மழை, அறுவடை, கோடைத் தொடக்கம் என்று இந்த மண்ணின் ஓராண்டையே அவர் வரைந்திருக்கிறார் என்பது என் கருத்து.

இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ராகெல் ரூய்ஷ் (1664–1750) உள்ளிட்ட டச்சு ஓவியர்கள், வெவ்வேறு மாதங்களில் மலர்பவற்றை ஒரே பூச்சாடியில் வரைந்தார்கள். மாறாக, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அவையின் ஓவியர் மன்சூர் 1621இல் வரைந்த வரிக்குதிரை வெற்றுப் பின்னணியில் தனித்து நிற்கிறது. அந்த விலங்கை உள்ளபடி பதிவு செய்வதே அங்கு நோக்கம்.

அடுத்து நிழல்களைக் கவனியுங்கள். மரம், கொடி, யானை மூன்றின்மீதும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து விழுந்தால், தனித்தனியே பார்த்து வரைந்தவற்றை ஒரே வெளியில் இணைக்க ஓவியர் உழைத்திருக்கிறார். யானையின் நிழல் மட்டும் வேறு பக்கம் சாய்ந்தால், அது ஏதோ ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரையப்பட்டதாக இருக்கக்கூடும்.