டீப் டிஷ்யூ மசாஜ் உண்மையிலேயே பலன் தருமா? ரொம்ப வலிக்குமா?

தசையின் ஆழம் வரை நிதானமாக அழுத்தும் இந்த மசாஜ் சில வலிகளுக்கு ஓரளவு பலன் தரும். ஆனால் வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கினால்தான் பலன் என்று நினைத்துப் போகாதீர்கள். நான் அப்படி நினைத்துப் போய் முதல் தடவை நன்றாகப் பட்டுவிட்டேன்.

நான் தையல் வேலை செய்பவள். பன்னிரண்டு வருடமாகத் தினமும் ஏழெட்டு மணி நேரம் மெஷின் முன்னால் குனிந்தே இருக்கிறேன். வலது தோள்பட்டை எலும்பை ஒட்டி, முதுகுத்தண்டு பக்கமாக, கட்டி மாதிரி ஓர் இறுக்கம். கனமான துணியைக் கத்திரித்தால் அங்கிருந்து பிடரி வரை இழுக்கும். முதலில் போன இடத்தில் எண்ணெய் தடவிய கையோடு முழங்கையை நேராக அந்த இடத்திலேயே ஊன்றினார்கள். வலிக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் தோள் கன்றிப்போயிருந்தது. நான்கு நாள் கையைத் தூக்க முடியவில்லை.

பல மாதம் கழித்து வேறொரு அம்மாவிடம் போனேன். அவர் முதலில் உட்காரவைத்துக் கேள்விதான் கேட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, கை விரல் மரத்துப்போகிறதா என்று. அப்புறம் உள்ளங்கையால் முதுகு முழுக்க நீவி, சதை சூடேறித் தளர்ந்த பிறகே ஆழமாக அழுத்தத் தொடங்கினார். முன்கையைத் தோளருகே வைத்து இடுப்பு வரை அவர் கொண்டுவருவதற்குள் நான் ஐந்தாறு முறை மூச்சு விட்டிருப்பேன். அவ்வளவு நிதானம். ஓரிடத்தில் என்னை அறியாமல் மூச்சைப் பிடித்தேன். உடனே அழுத்தத்தைக் குறைத்துவிட்டார். "மூச்சைப் பிடிச்சா சதையும் இறுகிடும்மா. அப்புறம் நான் எவ்வளவு அமுக்கினாலும் உள்ள போகாது" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஆழம் என்பது பலத்தால் வருவதில்லை, மெதுவாகப் போவதால் வருகிறது. சுகமான வலி என்று சொல்வோமே, அந்த அளவோடு நிற்க வேண்டும். வலி பத்துக்கு ஆறு, ஏழு என்ற அளவைத் தாண்டினால் வாயைத் திறந்து சொல்லுங்கள். நல்ல கைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? முடிச்சை உடைக்கிறோம், தசை மேலே இருக்கும் உறையை நீட்டுகிறோம் என்று சொல்வார்கள். 2008-இல் வந்த ஒரு கணித ஆய்வில், தொடையின் பக்கவாட்டு உறையும் உள்ளங்கால் உறையும் ஒரு சதவீதம் உருமாறவே கையால் தர முடியாத அளவு விசை தேவை என்று கணக்கிட்டார்கள். அதனால், நிதானமான அழுத்தத்தில் நரம்புகள் அமைதியாகி, இறுக்கிப் பிடித்திருந்த தசை தற்காலிகமாக விட்டுக்கொடுக்கிறது என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. நச்சு வெளியேறும், லாக்டிக் அமிலம் கரையும் என்பதையெல்லாம் நம்ப வேண்டாம். உடற்பயிற்சியில் சேரும் அந்த அமிலத்தை உடம்பே சுமார் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடும்.

இடுப்பு வலிக்கு மசாஜ் கொஞ்ச காலம் நிவாரணம் தரும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்தில்லா வழிகளில் ஒன்றாக மசாஜையும் சேர்த்திருக்கிறது, ஆதாரம் வலுவானதல்ல என்ற குறிப்போடு. என் அனுபவமும் அப்படித்தான். பத்து நாள் தோள் லேசாக இருக்கும், பிறகு பழையபடி பிடிக்கும். நாற்காலி உயரத்தை மாற்றி, மணிக்கொரு முறை எழுந்து கையை நீட்டி மடக்க ஆரம்பித்த பிறகே அந்த இடைவெளி நீண்டது.

யார் போகக் கூடாது என்பதை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். என் அண்ணிக்குக் காலில் கட்டுப் போட்டு ஒரு மாதம் படுக்கை. கட்டைப் பிரித்த பிறகு ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. நல்லா அமுக்கிப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குப் பயமாகி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனில் ரத்தக்குழாய்க்குள் ரத்தக்கட்டு. அமுக்கியிருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷனோ எலும்பு முறிவோ ஆனவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். காய்ச்சல், தோலில் புண் இருந்தால் தள்ளிப்போடுங்கள். கழுத்தின் முன்பக்கத்திலும் முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியிலும் யாரையும் ஆழமாக அழுத்த விடாதீர்கள். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நேராக மருத்துவமனைதான்.

முடிந்த பிறகு ஓரிரு நாள் உடம்பு அசதியாக, தொட்டால் வலிப்பது சகஜம். அதற்கு மேல் நீடித்தால், மரத்துப்போனால், சிறுநீர் கறுத்துப் போனால் காத்திருக்காதீர்கள். மறுநாள் பளு தூக்கும் வேலை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நான் அவசரத் துணி எதுவும் இல்லாத நாளுக்கு முந்தைய சாயங்காலம் பார்த்துத்தான் போகிறேன்.