ஒட்டி அழகுசெய்யும் நாட்குறிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பள்ளி நாள்களிலிருந்து பயணச் சீட்டு, கடை ரசீது, ஸ்டிக்கர் என்று கையில் கிடைப்பதையெல்லாம் டைரியில் ஒட்டிவருகிறேன். இப்போது எடுத்துப் பார்த்தால் செல்லோ டேப் பழுப்பேறியிருக்கிறது. பசை தடவிய பக்கங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. ரசீதுகளில் எழுத்தே தெரியவில்லை. இனி என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. டேப்பில் உள்ளது ரப்பர் பசையாக இருந்தால், அது காற்றுப் பட்டு நாளடைவில் பழுத்துக் காகிதத்துக்குள் இறங்கிக் கறையாகிவிடும். கறையை வீட்டில் போக்க முடியாது. பிளாஸ்டிக் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும், ஹேர் டிரையரின் மிதமான சூட்டைக் காட்டி, ஒரு முனையிலிருந்து தாளை ஒட்டினாற்போலவே மெல்ல இழுத்து எடுக்கலாம். பக்கத்தில் ரசீது இருந்தால் அந்தச் சூட்டைக் காட்டவே கூடாது. கடையிலும் ஏடிஎம்மிலும் தருகிற ரசீது பெரும்பாலும் மையால் அச்சிட்டதன்று; சூடுபட்டால் கறுக்கும் பூச்சுள்ள தாளில் சூட்டாலேயே எழுத்தைப் பதிக்கிறார்கள். மறுபடி சூடேறினால் தாள் முழுவதும் கறுத்துப்போகும். வெளிச்சமும் சில வகைப் பசைகளும் பட்டால் எழுத்து மங்கும். ஆகவே ரசீதை வாங்கிய வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை ஒட்டுங்கள். இனிப் புதிதாக ஒட்டுபவற்றுக்கு இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பக்கங்கள் சுருங்குவது பசையில் உள்ள நீரால். நீரைக் குடித்த இடத்தில் தாளின் நார்கள் உப்பி விரிகின்றன. சுற்றியுள்ள தாள் விரியாததால் பக்கம் அலையலையாகிவிடுகிறது. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம் கொண்டது. நோட்டுத் தாள் பெரும்பாலும் அதைவிட மெல்லியது. ஒட்டுவதற்கென்றே வாங்கும் நோட்டு 100 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், அமிலமற்ற தாளாக இருக்கட்டும். குழாய்ப் பசைக்குப் பதிலாகக் குச்சிப் பசையையோ இருபக்க டேப்பையோ பயன்படுத்துங்கள். கடைக்காரர் முன்னால் எடுத்து வைக்கும் மினுமினுப்பு ஸ்டிக்கர்களுக்குச் செலவிடும் பணத்தில் பாதியையாவது தாளுக்கும் பசைக்கும் ஒதுக்கவேண்டும் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன்.

கேள்வி: 'வாஷி டேப்' என்பது வெறும் வண்ண டேப்தானா? ஏன் இத்தனை பேர் அதை நாடுகிறார்கள்? (வாசகர், மதுரை)

பதில்: ஜப்பானின் ஒகாயாமா மாநிலத்துக் குராஷிகி நகரில், 1923இல் ஈ பிடிக்கும் பசைத் தாள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட கமோய் நிறுவனம், பிற்காலத்தில் பெயின்ட் அடிக்கும்போது ஓரங்களை மறைக்க ஒட்டும் மெல்லிய காகித டேப்பைத் தயாரித்துவந்தது. அந்த டேப்பைக் கைவேலைக்குப் பயன்படுத்திவந்த டோக்கியோப் பெண்கள் மூவர், 2006இல் ஆலையைப் பார்க்க விரும்பி எழுதிக் கேட்டார்கள். அந்தச் சந்திப்பிலிருந்துதான் வண்ணமும் வடிவமும் அச்சிட்ட, இன்று வாஷி (ஜப்பானியக் காகிதம்) டேப் என்று நாம் சொல்லும் டேப் வகை பிறந்தது. பெயின்ட் வேலைக்கு வேண்டியிருந்த குணங்களே நமக்கும் உதவுகின்றன: கையால் கிழிக்கலாம், அதன்மேல் பேனாவால் எழுதலாம், தப்பாக ஒட்டினால் தாள் கிழியாமல் எடுத்து மறுபடி ஒட்டலாம். தாள் மெல்லியது என்பதால் ஒரு டேப்பின்மேல் இன்னொன்றைக் குறுக்கே ஒட்டினால், இரண்டும் சேரும் சிறு சதுரத்தில் மூன்றாவது நிறம் ஒன்று தெரியும். எளிதில் உரியும் பசை என்பதால் கனமான புகைப்படத்தை இதை மட்டும் நம்பி ஒட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது அறுபத்திரண்டு. ஸ்டிக்கர் ஒட்டி விளையாடுவதைப் பேரப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். இது இந்த வயதுக்குப் பொருந்துமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தாராளமாகப் பொருந்தும், அம்மா. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்னுக்கு இதில் இருந்த ஆர்வம் கொஞ்சநஞ்சமன்று. பக்கங்களிலேயே பசை பூசி, நனைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப் புத்தகத்தை வடிவமைத்து 1873இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். உங்கள் வீட்டிலேயே ஸ்டிக்கர் கடையில் கிடைக்காத பொருள்கள் இருக்கும்: சிவகாசியில் அச்சான தீப்பெட்டிப் படங்கள், கடித உறையில் முத்திரையோடு இருக்கும் தபால்தலை, கல்யாணப் பத்திரிகையின் பொன்னிறப் பிள்ளையார். பத்திரிகை அட்டை தடிமனாக இருந்தால், மூலையை நகத்தால் பிளந்து மேலடுக்கை மட்டும் உரித்து எடுங்கள். அன்றைய நாளைப் பற்றி முதலில் எழுதிவிட்டு, மிஞ்சிய இடத்தில் ஒட்டுவது நல்லது. முதலில் ஒட்டினால் எழுதுவதற்கு இடமே இருக்காது.

கேள்வி: ஒட்ட ஒட்ட நோட்டு உப்பி, மூடவே முடியவில்லையே? (கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே, நான்கைந்து தாளுக்கு ஒன்றாகச் சில தாள்களை வெட்டி எடுத்துவிடுங்கள். தையல் போட்ட நோட்டில் தாளை அடியோடு கிழித்தால் அதன் இணைத் தாளும் கழன்றுவரும்; எனவே தையலோரம் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டவேண்டும். அந்த விளிம்புகள் தரும் இடைவெளியில், நீங்கள் ஒட்டுபவற்றின் தடிமன் அடங்கிவிடும்.