பிராகில் ஐந்து இரவுகள்: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 49. மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு 55,000, வீட்டுக்கடன் தவணை 18,000. வங்கியில் 5 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. தீபாவளிக்கு 80,000 ரூபாய் போனஸ் வரும். வருகிற பிப்ரவரியில் எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைகின்றன. செக் நாட்டுத் தலைநகரான பிராகைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. அலுவலகத்தில் டிசம்பர் கடைசி வாரம் விடுமுறை என்பதால் அப்போது போகலாம் என்றிருக்கிறோம். ஐந்து இரவுகளுக்கு இருவருக்கும் சேர்த்து 4,60,000 ரூபாய் என்கிறார் பயண ஏஜெண்ட். டெபாசிட்டிலிருந்து 1 லட்சம் எடுத்துக் கட்டினால், மீதிக்கு 14 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுக் கடன் ஏற்பாடு செய்து தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: அவசியம் போய்வாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் குடும்பத்துக்காகவே ஓடியவர்கள் ஐந்து நாளைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வதை வீண்செலவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடன் வேண்டாம். டிசம்பர் கடைசி வாரமும் வேண்டாம்.

முதலில் கடன். 3,60,000 ரூபாய்க்கு 14 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 17,285 ரூபாய். இரண்டு ஆண்டு முடியும்போது வட்டி மட்டும் ஏறத்தாழ 55,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். இப்போது உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 19,000. தவணை போக நிற்பது ஆயிரத்துச் சொச்சம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டிய நிலை. டெபாசிட்டும் முழுக்க உங்கள் கையிருப்பு அல்ல. வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்து மாதம் 73,000. ஆறு மாதத்துக்கு 4,38,000. தனியார் வேலையில் இருப்பவர் அந்தத் தொகையைத் தொடவே கூடாது. ஆக, அதிலிருந்து எடுக்கக்கூடியது 60,000 மட்டுமே.

இனி தேதி. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பிராகில் அறை வாடகையும் விமான டிக்கெட்டும் உச்சத்தில் இருக்கும். அங்கே டிசம்பர் 24, 25, 26 மூன்றும் அரசு விடுமுறை. 25, 26 தேதிகளில் பெரிய கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பிப்ரவரி நடுவில் ஐந்து மணியைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது, கூட்டமும் விலையும் இறங்கியிருக்கின்றன, உங்கள் திருமண நாளும் அந்த மாதத்தில்தான் வருகிறது. கிறிஸ்துமஸ் சந்தை ஒன்றுதான் கிடைக்காது. மற்றபடி 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் அதிகாலையில் நடக்கவும், 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை அப்போஸ்தலர்களின் பொம்மைகள் ஜன்னலில் வந்து போவதைக் கீழே நின்று பார்க்கவும் காசே வேண்டாம். பிராக் கோட்டையின் முற்றங்களுக்கும் அப்படியே. உள்ளே இருக்கும் தேவாலயம், அரண்மனை ஆகியவற்றுக்குத்தான் டிக்கெட். குளிர்காலத்தில் அவற்றை நான்கு மணிக்கே மூடிவிடுவார்கள் என்பதால் கோட்டையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரிக்கு என் மதிப்பீடு இது. இருவருக்கும் விமான டிக்கெட் 1,40,000, விசா 24,000, காப்பீடு 3,000, நடுத்தர ஓட்டல் 40,000, சாப்பாடு 30,000, டிராம், மெட்ரோ, நுழைவுக் கட்டணம் 16,000, குளிருடைகள் 20,000, எதிர்பாராததற்கு 25,000. மொத்தம் 2,98,000. குளிருடைச் செலவில் கைவைக்காதீர்கள். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில், ஈரம் புகாத காலணி இல்லாமல் கருங்கல் பாவிய தெருக்களில் நடக்க முடியாது.

பணம் சேரும் வழி: இந்த ஏப்ரலிலேயே மாதம் 16,000 ரூபாய்க்கு ஒன்பது மாத ரெக்கரிங் டெபாசிட் தொடங்குங்கள். ஜனவரியில் வட்டியோடு ஏறத்தாழ 1,47,000 கைக்கு வரும். நவம்பரில் போனஸ் 80,000, டெபாசிட்டிலிருந்து 60,000 இரண்டையும் சேர்த்து விமான டிக்கெட் வாங்கிவிடலாம். மாதம் மிஞ்சும் 3,000 ரூபாய் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். டிசம்பரில் அது 27,000 ஆகி விசாவுக்கு உதவும். எல்லாம் கூட்டினால் 3,14,000. இதில் கடன் ஒரு ரூபாய்கூட இல்லை.

ஏஜெண்டிடம் ஒன்று கேளுங்கள்: 4,60,000 ரூபாயில் ஜிஎஸ்டியும், விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் அடங்கியிருக்கின்றனவா? வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். டிக்கெட், ஓட்டல் என்று தனித்தனியாக நீங்களே பதிவு செய்து, செலவுக்கான அந்நியச் செலாவணியை வங்கியில் வாங்கினால், நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அந்தப் பிடித்தம் கிடையாது.

செக் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்துவிட்டால் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நீங்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்ப்பார்கள். திடீரென்று வந்து விழுந்த பெருந்தொகையைவிட, மாதந்தோறும் ஒழுங்காகச் சேர்ந்த சேமிப்பு உங்களுக்காகப் பேசும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்யக்கூடிய அறையையே பதிவு செய்யுங்கள்.

பலர் கோட்டைவிடுவது பணம் மாற்றுவதில்தான். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ கிடையாது. புழக்கத்தில் இருப்பது கொருனா. ஒரு கொருனா நான்கு ரூபாயைச் சுற்றி இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் நம் வங்கிகளின் ஃபாரெக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் கொருனா இருப்பதில்லை. யூரோவை ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் யூரோவிலிருந்து கொருனாவுக்கு மாற்றும் கட்டணம் விழும். சாதாரண கிரெடிட் கார்டு என்றால் பொதுவாக 3.5 சதவீதக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, கூட்டினால் 4.13 சதவீதம். அங்கே நீங்கள் செய்யப்போகும் 86,000 ரூபாய் செலவுக்கு 3,500 ரூபாய் இப்படியே போய்விடும். அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை இப்போதே வாங்கி வையுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் கார்டு அங்கே வேலை செய்யாது.

கடையிலோ ஏடிஎம்மிலோ கார்டைச் செருகியதும், 'ரூபாயில் கழிக்கட்டுமா, கொருனாவிலா?' என்று திரை கேட்கும். ரூபாயில் பார்ப்பது மனதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தை வைப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த இயந்திரத்துக்காரர். எப்போதும் கொருனாவையே தொடுங்கள். ரொக்கத்தை வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மில் ஒரே முறை எடுங்கள். 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பிப் பணம் மாற்றும் கடைக்குள் நுழைந்தால், நோட்டை நீட்டுமுன் கையில் எவ்வளவு கொருனா வரும் என்று கேளுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால் ரசீதோடு திரும்பிப் போங்கள். 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, 1,000 யூரோ மதிப்பு வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்துகொள்ளலாம். தெருவில் வந்து நல்ல விகிதம் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே வேண்டாம். செல்லாத பழைய பெலாரஸ் நோட்டுகளைக் கொடுத்து ஏமாற்றியது உண்டு. சரியான 100 கொருனா நோட்டில் இருப்பவர் நான்காம் சார்லஸ், அந்தப் பாலத்தைக் கட்டத் தொடங்கிய அதே மன்னர்.

சாப்பாட்டுக்கு, பழைய நகரச் சதுக்கத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் போங்கள். வார நாட்களில் மதிய உணவுக்கென்று குறைந்த விலைப் பட்டியல் தனியாக வைத்திருப்பார்கள். பருப்புப் பொடி எடுத்துப் போகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது, பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு வார விடுப்புக்கு இப்போதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விசாவுக்கும் அந்த அனுமதிக் கடிதம் தேவைப்படும். ஒருவேளை போனஸ் குறைந்தாலோ வராமலே போனாலோ டிக்கெட் வாங்காதீர்கள். ரெக்கரிங் டெபாசிட் முதிர்ந்ததும் அப்படியே இன்னும் ஒன்பது மாதம் தொடர்ந்தால், நவம்பரில் அதே பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.